ஆளுக்கொரு பாலிசியா, குடும்பத்துக்கே ஒன்றா? கோத்தகிரியிலிருந்து ஒரு கணக்கு

தேயிலைக்காரன் (கோத்தகிரி)

வணக்கம். மருத்துவக் காப்பீடு எடுக்க விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுகிறது.

வீட்டில் ஆறு பேர். எனக்கு 42, மனைவிக்கு 38, பெண்ணுக்கு 13, பையனுக்கு 9. அப்பாவுக்கு 69, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். அம்மாவுக்கு 64, கடவுள் புண்ணியத்தில் இதுவரை ஒன்றும் இல்லை. ஒரே கம்பெனியில் மூன்று விதமாகக் கேட்டேன். எல்லாம் ஓராண்டு பிரீமியம்.

ஆறு பேரும் ஒரே ஃபேமிலி ஃப்ளோட்டரில் (எல்லோருக்கும் பொதுவாக ஒரே தொகை), 10 லட்சத்துக்கு: ரூ. 94,600.

நாங்கள் நால்வர் ஒரு ஃப்ளோட்டர் (10 லட்சம்) ரூ. 24,800, அப்பா அம்மா தனியாக ஒரு ஃப்ளோட்டர் (5 லட்சம்) ரூ. 53,200. ஆக ரூ. 78,000.

ஆளுக்கொரு பாலிசி. எனக்கு 12,900, மனைவிக்கு 11,400, பிள்ளைகளுக்குத் தலா 6,200, எல்லாம் 10 லட்சத்துக்கு. அப்பாவுக்கு 34,500, அம்மாவுக்கு 27,900, இருவருக்கும் தலா 5 லட்சம். மொத்தம் ரூ. 99,100.

ஏஜென்ட் முதலாவதைத்தான் எடுக்கச் சொல்கிறார். "ஒரே பாலிசி, ஒரே தேதி, தலைவலி இல்லை" என்கிறார். பச்சைத் தேயிலை விலை போகிற போக்கில் பதினாறாயிரத்துச் சொச்சம் எனக்குச் சின்னத் தொகை இல்லை. இரண்டாவதை எடுத்தால் பின்னால் எங்கேயாவது இடிக்குமா?

சிம்ஸ்பூங்கா (குன்னூர்)

நாங்களும் நால்வர் ஃப்ளோட்டர்தான். மாமியாருக்குத் தனி. ஏன் அப்படி என்றால் எனக்கு விளக்கத் தெரியாது, வீட்டுக்காரர் செய்த ஏற்பாடு. அருவங்காடு சார் வருவார், காத்திருங்கள்.

பழைய_கோப்பு (அருவங்காடு)

வந்துவிட்டேன்.

தம்பி, பெரும்பாலான கம்பெனிகளில் ஃப்ளோட்டரின் விலையை முடிவு செய்வது அதிலிருக்கும் மூத்தவரின் வயது. ஆறு பேரையும் ஒன்றாகப் போட்டால் உங்கள் அப்பாவின் 69 வயதுதான் அந்த பாலிசியின் வயது. ஒன்பது வயதுப் பையனுக்கும் சேர்த்து அந்தக் கணக்கில்தான் கட்டுகிறீர்கள். பிரித்தால் உங்கள் நால்வருக்கும் மூத்த வயது 42. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுதான்.

இன்னொன்று, ஃப்ளோட்டரில் தொகை பொது. அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று 6 லட்சம் போனால், அந்த வருடம் மீதி ஐந்து பேருக்கும் 4 லட்சம்தான். 'ரெஸ்டோரேஷன்' என்று தீர்ந்த தொகையைத் திரும்ப நிரப்பும் வசதி இருக்கிறது. ஆனால் சில பாலிசிகளில் அதே ஆளுக்கு அதே நோய்க்கு அது செல்லாது. சிலவற்றில் மொத்தத் தொகையும் தீர்ந்தால்தான் நிரப்புவார்கள். பாலிசிப் புத்தகத்தில் அந்த ஒரு பத்தியைத் தேடிப் படியுங்கள், விளம்பரத் தாளில் இருக்காது.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீடு இரண்டுக்கும் வரி இல்லை. அதற்கு முன் 18 சதவீதம். உங்கள் 78,000 அப்போது 92,040 ஆகியிருக்கும். பழைய விலைப் பட்டியலை வைத்து யாராவது வரி சேர்த்துச் சொன்னால் திருப்பிக் கேளுங்கள்.

எஃப்டி_போதும் (ஊட்டி)

எதற்கு இதெல்லாம்? வருடம் 78,000 ரூபாயை வங்கியில் போட்டு வாருங்கள். பத்து வருடத்தில் வட்டி சேர்க்காமலே 7,80,000. நோய் வராவிட்டால் பணம் உங்களுடையது. பாலிசிக்காரன் பத்துப் பைசா திருப்பித் தருவானா?

சிம்ஸ்பூங்கா (குன்னூர்)

இரண்டாம் வருடமே வந்துவிட்டால்?

எஃப்டி_போதும் (ஊட்டி)

அதற்குத்தான் அரசு மருத்துவமனை. ஊட்டியில் இப்போது 700 படுக்கையோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் முதல்வர் திறந்து வைத்தார். முன்பு போல எல்லாவற்றுக்கும் கோவைக்கு ஓட வேண்டியதில்லை.

பழைய_கோப்பு (அருவங்காடு)

ஊட்டி மருத்துவமனை வந்தது நல்ல விஷயம், மறுக்கவில்லை. காப்பீடு வைத்திருப்பவரும் அங்கே போகலாமே, யார் தடுத்தார்கள்?

42 வயதுக்காரருக்கு உங்கள் யோசனையை ஏற்க மாட்டேன். 24,800 ரூபாய்க்கு நாளை காலையிலிருந்து 10 லட்சம் (விபத்து என்றால் நாளையே, நோய் என்றால் முதல் 30 நாள் போக) எந்த வங்கியும் தராது. பெரியவர்கள் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 53,200 கட்டி 5 லட்சம் கவரேஜ், அதிலும் சர்க்கரைக்குக் காத்திருப்புக் காலம் (அது முடியும்வரை அந்த நோய்க்குப் பணம் தர மாட்டார்கள்) என்றால், கையில் தனியாகப் பணமும் சேர்த்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கொடை_மேகம் (கொடைக்கானல்)

அண்ணா, பிரீமியத்தை மட்டும் பார்த்துவிட்டு அறை வாடகையைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். எங்கள் பெரியப்பா கதையைச் சொல்கிறேன். கம்பெனி பெயர், மருத்துவமனை பெயர் வேண்டாம்.

3 லட்சம் பாலிசி. விலை குறைவாக இருந்தது என்று எடுத்தது. பித்தப்பை ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போனோம். பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். நாங்கள் எடுத்த அறை 6,000. ஏன் எடுத்தோம் என்றால், மலையிலிருந்து இறங்கிப் போகிறவர்களுக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வர முடியாது. துணைக்கு வந்தவரும் அங்கேயே படுக்க வேண்டும். மதுரை வெயிலில் கொடைக்கானல்காரர்கள் ஏசி இல்லாமல் இருப்பதும் கஷ்டம்.

பில் 2,00,000. இதில் அறைக்கு 30,000, டாக்டர், தியேட்டர் வகையில் 1,20,000, மருந்து, ஸ்கேன் 50,000. அறையில் பாதியை வெட்டுவார்கள் என்று நினைத்தோம், 15,000 தானே என்று. ஆனால் டாக்டர், தியேட்டர் கட்டணத்திலும் அதே விகிதத்தில் பாதியை வெட்டினார்கள். மருந்துக்கும் ஸ்கேனுக்கும் மட்டும் முழுசாகக் கொடுத்தார்கள். கிடைத்தது 1,25,000. கையிலிருந்து போனது 75,000.

தேயிலைக்காரன் (கோத்தகிரி)

இது நியாயமா? அறை வாடகை கூடினால் டாக்டர் ஃபீஸை ஏன் வெட்ட வேண்டும்?

பழைய_கோப்பு (அருவங்காடு)

பல மருத்துவமனைகளில் அறையின் தரத்துக்கேற்ப டாக்டர் கட்டணமும் ஏறும். அதனால் 'விகிதாசாரக் கழிவு' என்று வைத்திருக்கிறார்கள். மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், ஐசியூ ஆகியவற்றில் அப்படிக் கழிக்கக் கூடாது என்பது விதி. அவர்கள் கொடுத்த கணக்கு விதிப்படி சரிதான், வயிறு எரிந்தாலும்.

அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசி, அல்லது 'தனி ஏசி அறை' என்று எழுதியிருக்கும் பாலிசி எடுங்கள். கீழே இறங்கி வைத்தியம் பார்க்கும் நமக்கு இது இன்னும் முக்கியம், தங்கச்சி சொன்ன காரணத்துக்காகவே.

கூடலூர்க்காரன்

எங்கள் பக்கம் வேறு ஒரு சிக்கல். நாங்கள் ஊட்டிக்குப் போவதைவிட சுல்தான் பத்தேரி, கோழிக்கோடு, மைசூருக்குப் போவதுதான் அதிகம். சில கம்பெனிகள் ஊர்களை மண்டலமாகப் பிரித்து விலை வைக்கின்றன. சின்ன ஊர் முகவரிக்குப் பிரீமியம் குறைவு. ஆனால் பெரிய நகர மண்டலத்தில் போய்ப் படுத்தால் பில்லில் ஒரு பங்கு நம் தலையில். எந்த ஊர் எந்த மண்டலம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீலகிரி முகவரிக்கு விலை குறைவு என்று சந்தோஷப்படுவதற்கு முன் கோவை எந்த மண்டலத்தில் வருகிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று. பத்துப் படுக்கைகூட இல்லாத சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்தால், பாலிசி மொழியில் அது 'மருத்துவமனை'யே இல்லை. பத்து லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள ஊர்களில் குறைந்தது 10 படுக்கை வேண்டும், பெரிய ஊர்களில் 15. மலையில் இது அடிக்கடி இடிக்கும்.

சொல்லப்போனால் எங்கள் ஊரில் 1992லேயே ஆதிவாசி முன்னேற்றச் சங்க உறுப்பினர்களுக்கு அக்கார்டு அமைப்பு கூட்டுக் காப்பீடு தொடங்கியது. தனிப் பாலிசி, ஃப்ளோட்டர் என்று இன்று நாம் அடித்துக்கொள்வதற்கு எவ்வளவோ முன்பே. எல்லோரும் சேர்ந்தால் தலைக்கு விழும் தொகை குறையும் என்பதுதான் அதன் அடிப்படை.

பாலிசி_நண்பன்

சார், உங்களுக்கு மிகக் குறைந்த பிரீமியத்தில் முடித்துத் தருகிறேன். அப்பாவின் சர்க்கரையை ஃபார்மில் எழுத வேண்டாம், மெடிக்கல் டெஸ்ட் இல்லாத பிளான் இருக்கிறது. உள்பெட்டிக்கு வாருங்கள்.

மட்டுறுத்துநர்

விளம்பரம் வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பதிலை நீக்கவில்லை, கீழே வரும் மறுப்போடு சேர்ந்து இருக்கட்டும். தொலைபேசி எண்ணை மட்டும் எடுத்துவிட்டேன்.

பழைய_கோப்பு (அருவங்காடு)

இந்த ஆலோசனையால்தான் எத்தனையோ கிளெய்ம் செத்துப்போகிறது. மறைத்து எடுத்தால் முதல் பெரிய பில்லிலேயே பழைய மருந்துச் சீட்டைத் தோண்டி எடுப்பார்கள். பணமும் வராது, பாலிசியும் ரத்து.

உண்மையைச் சொன்னால் என்ன நஷ்டம்? ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு 36 மாதம். முன்பு 48 ஆக இருந்தது, 2024 ஏப்ரலில் குறைத்தார்கள். கண்புரை, குடலிறக்கம் மாதிரி பட்டியலில் உள்ளவற்றுக்குப் பொதுவாக 24 மாதம். மற்றபடி அப்பாவுக்கு டெங்கு வந்தாலும், தோட்டத்தில் காட்டெருமை முட்டினாலும், முதல் வருடத்திலேயே பாலிசி உண்டு. கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் சர்க்கரைக்குக் காத்திருப்பைக் குறைக்கும் பிளான்களும் இருக்கின்றன.

இடைவெளி விடாமல் 60 மாதம் கட்டிவிட்டால், அதற்குப் பிறகு மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'நீ அதைச் சொல்லவில்லை' என்று மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருடம்.

சிம்ஸ்பூங்கா (குன்னூர்)

காட்டெருமை உதாரணம் சும்மா இல்லை. போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒருவர் பால் வாங்கப் போனபோது முட்டி, தொடை எலும்பு போய்விட்டது. அவருக்குப் பாலிசி எடுத்து முப்பது நாள்கூட ஆகவில்லை. விபத்து என்பதால் கொடுத்துவிட்டார்கள்.

தேயிலைக்காரன் (கோத்தகிரி)

நன்றி சார், அக்கா, எல்லோருக்கும். பாலிசித் தாளை வாங்கிப் படித்தேன். நால்வர் ஃப்ளோட்டரில் அறை வாடகை வரம்பு இல்லை, கோ-பேயும் (பில்லில் ஒரு பங்கை நாமே கட்டுவது) இல்லை. பெரியவர்கள் பாலிசியில் எல்லா பில்லுக்கும் 20 சதவீதம் நாம் கட்ட வேண்டுமாம். ஆறு பேர் பாலிசியிலும் 60க்கு மேல் சேருபவர்களுக்கு அதே 20. இதை ஏஜென்ட் சொல்லவே இல்லை.

கோ-பே இல்லாமல் கேட்டேன். இருவருக்குமான ஃப்ளோட்டர் 53,200லிருந்து 61,500 ஆகிறது. தனித்தனியாக என்றால் அப்பா 39,800, அம்மா 32,300.

பழைய_கோப்பு (அருவங்காடு)

இருவர் ஃப்ளோட்டரில் கூடுதல் 8,300. நான்கு லட்ச ரூபாய் பில் ஒன்று வந்தால் கோ-பே 80,000. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்டப் பத்து வருடக் கூடுதல் பிரீமியம். பத்து வருடத்துக்குள் இருவரில் ஒருவருக்கு அப்படி ஒரு பில் வருமா என்பதுதான் கேள்வி. அந்த வயதில் வரும் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் பெரியவர்கள் இருவரையும் ஒரே ஃப்ளோட்டரில் போட மாட்டேன். இளையவர்கள் நால்வரும் ஒரே வருடத்தில் ஆஸ்பத்திரியில் படுப்பது அபூர்வம், அதனால் பொதுத் தொகை போதும். 69க்கும் 64க்கும் அப்படி இல்லை. அப்பாவின் பில் அம்மாவின் பணத்தைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு ஆரோக்கியமாக இருக்கும் அம்மாவுக்கும் 69 வயது விலை. தனித்தனியாக எடுத்தால் கோ-பேயோடு 62,400, ஃப்ளோட்டரைவிட 9,200தான் அதிகம். ஆளுக்கு 5 லட்சம் கிடைக்கிறது.

கொடை_மேகம் (கொடைக்கானல்)

நால்வரும் ஒரே வருடத்தில் படுப்பது அபூர்வம் என்கிறீர்கள். மலைப்பாதையில் ஒரே ஜீப்பில் நால்வரும் போகும்போது? பட்லகுண்டு ரோட்டில் பார்த்திருக்கிறேன் சார்.

பழைய_கோப்பு (அருவங்காடு)

சரியான கேள்வி. அதற்காக நால்வருக்கும் தனிப் பாலிசி எடுத்தால் 36,700. கூடுதல் 11,900க்கு 10 லட்சம் 40 லட்சமாகிறது. லட்சத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் தனிப் பாலிசிதான் மலிவு! ஆனால் பிள்ளைகள் பெயரில் இருக்கும் 20 லட்சம் உங்களுக்கு உதவாது, உங்களுடையது பிள்ளைகளுக்கு உதவாது. அதைவிட 'சூப்பர் டாப்-அப்' கேளுங்கள். ஒரு வருடத்தில் மொத்த பில் 10 லட்சத்தைத் தாண்டினால் அதற்கு மேல் வருவதை அது ஏற்கும். வெறும் 'டாப்-அப்' வேண்டாம். அதில் ஒவ்வொரு பில்லும் தனித்தனியாக 10 லட்சத்தைத் தாண்ட வேண்டும்.

கூடலூர்க்காரன்

வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குத் தரும் குரூப் பாலிசியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் கிளையில் மேனேஜர் தினமும் தொல்லை. விலை பாதிதான்.

பழைய_கோப்பு (அருவங்காடு)

விலை குறைவு, உண்மை. வரி விலக்கு குரூப் பாலிசிக்குக் கிடையாது, 18 சதவீதம் இன்னும் உண்டு, அதையும் சேர்த்துப் பாருங்கள். என் தயக்கம் வேறு. ஒப்பந்தம் வங்கிக்கும் கம்பெனிக்கும். ஒரு நாள் அவர்கள் முறித்துக்கொண்டால் நீங்கள் 60 வயதில் புதிதாகத் தேட வேண்டும். அதே கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறலாம், காத்திருந்த காலமும் கணக்கில் வரும். ஆனால் விலை அன்றைய விலை. இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம், முதலாவதாக வேண்டாம்.

எஃப்டி_போதும் (ஊட்டி)

எல்லாம் சரி. அரசுக் காப்பீட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை உண்டு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போனால் போதும். பிரீமியம் நம்மிடம் ஒரு ரூபாய் கிடையாது.

தேயிலைக்காரன் (கோத்தகிரி)

தோட்டம் மட்டும் என்றால் வந்திருப்போம், கடையும் இருப்பதால் தாண்டிவிட்டோம்.

எஃப்டி_போதும் (ஊட்டி)

அப்படியானால் அப்பாவுக்கு அடுத்த வருடம் 70. 2024 அக்டோபர் இறுதியில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 70 வயது நிறைந்த எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சத்துக்கு விரித்தது. தனியார் பாலிசி இருந்தாலும் சேரலாம். ஆதார் எடுத்துக்கொண்டு நம் மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில் ஏற்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பழைய_கோப்பு (அருவங்காடு)

ஊட்டிக்காரர் இந்த இழையில் சொன்னதிலேயே உருப்படியானது இதுதான். (கோபிக்காதீர்கள்.)

எஃப்டி_போதும் (ஊட்டி)

கோபமெல்லாம் இல்லை. எஃப்டி விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை.

சிம்ஸ்பூங்கா (குன்னூர்)

மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு வருமான வரியில் 80டி கழிவு கிடைக்குமே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

பழைய_கோப்பு (அருவங்காடு)

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். தன் குடும்பத்துக்கு 25,000 வரை, பெற்றோர் மூத்த குடிமக்கள் என்றால் அவர்களுக்கு 50,000 வரை. புதிய முறையில் கிடையாது. தம்பிக்குப் பச்சை இலை விற்று வருவது விவசாய வருமானம், அதற்கு வரியே இல்லை. கடை வருமானத்துக்குக் கட்டினால் பார்க்கலாம்.

அப்புறம், 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு கடிவாளம் போட்டது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் கம்பெனி முதலில் ஆணையத்திடம் பேச வேண்டும். உங்கள் நால்வர் பாலிசிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் அதுவரை விலை ஏறாது, கொஞ்சம் தள்ளுபடியும் தருவார்கள். கையில் பணம் இருந்தால் யோசியுங்கள்.

கொடை_மேகம் (கொடைக்கானல்)

கேஷ்லெஸ் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது) பட்டியலில் கொடைக்கானலில் ஒன்றிரண்டுதான் இருக்கும். கோத்தகிரியிலும் அப்படித்தானே?

கூடலூர்க்காரன்

2024 ஜனவரியிலிருந்து பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கலாம் அக்கா. முன்கூட்டியே தெரிந்த ஆபரேஷன் என்றால் 48 மணி நேரம் முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள். ஆனால் மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் கையிலிருந்து கட்டிப் பின்னால் வாங்க வேண்டியதுதான்.

தேயிலைக்காரன் (கோத்தகிரி)

முடிவு எடுத்துவிட்டேன்.

நாங்கள் நால்வர் 10 லட்சம் ஃப்ளோட்டர்: 24,800. அதற்கு மேல் 20 லட்சம் சூப்பர் டாப்-அப், நால்வருக்கும் சேர்த்து: 3,400. அம்மாவுக்குத் தனியாக, கோ-பே இல்லாமல்: 32,300. இன்னும் எத்தனையோ வருடம் ஓட வேண்டிய பாலிசி அது. அப்பாவுக்குத் தனியாக, கோ-பேயோடு: 34,500. அடுத்த வருடம் 70 வயதுக்காரர்களுக்கான ஆயுஷ்மான் கார்டும் கைக்கு வந்தால் அவருக்கு இரண்டும் இருக்கும்.

கூட்டினால் ரூ. 95,000. ஏஜென்ட் சொன்ன ஒரே பாலிசியைவிட 400 ரூபாய் அதிகம்! கேட்டதும் சிரித்தார். ஆனால் அதில் ஆறு பேருக்கும் சேர்த்து 10 லட்சம். இதில் எங்களுக்கு 30, பெரியவர்களுக்குத் தலா 5.

சர்க்கரையையும் மாத்திரை பெயரையும் ஃபார்மில் எழுதிவிட்டேன். தேதியை மட்டும் ஜனவரியில் வராமல் பார்த்துக்கொண்டேன், பனி விழுந்து இலை வராத மாதத்தில் புதுப்பிக்கும் பணத்துக்கு எங்கே போவது?

பழைய_கோப்பு (அருவங்காடு)

அப்பாவுடையதை ஒரு மாதம் முன்னால், உங்களுடையதை ஒரு மாதம் பின்னால் என்று பிரித்தும் வைக்கலாம். ஆண்டுக்கு ஒரே தடவை கட்டும் பாலிசியில், தேதி தாண்டினால் 30 நாள் சலுகை உண்டு, பாலிசி சாகாது. ஆனால் அந்த இடைவெளியில் நடக்கும் சிகிச்சைக்குப் பணம் வராது. பாலிசி கைக்கு வந்த பிறகு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதனால் வந்த அன்றே கோ-பே, அறை வாடகை இரண்டையும் பேசியபடி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தேயிலைக்காரன் (கோத்தகிரி)

சரி சார். அப்பாவுக்கு மெடிக்கல் டெஸ்டுக்கு மேட்டுப்பாளையம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் அத்தனை வளைவு இறங்கினால் வாந்திதான். மேலேயே எடுக்க வழி உண்டா?

சிம்ஸ்பூங்கா (குன்னூர்)

உண்டு. மாமியாருக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுத்தார்கள். ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள், கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கே அழைத்து 'வீட்டில் வந்து எடுங்கள்' என்று சொல்லுங்கள். ஈசிஜிக்கு மட்டும் குன்னூர் வரை வர வேண்டியிருக்கலாம்.